எடை போட்டு வைத்த பதில்கள்

பதிலுரைப் பிரிவில் பழுப்பு உறையை யாரும் பிரிப்பதில்லை. அப்படியொரு சுற்றறிக்கை வந்ததில்லை; சுவரில் எழுதி ஒட்டப்படவும் இல்லை. புதிதாகச் சேர்பவரிடம் எவரும் எடுத்துச் சொல்வதும் கிடையாது. முதல் வாரத்திலேயே கை தானாகப் பழகிக்கொள்ளும். உறை வரும், வரவு முத்திரை விழும், பதிவேட்டில் எண் ஏறும், தராசில் எடை பார்க்கப்படும், பீரோவுக்குள் போகும். அதன் பிறகு அந்த உறைக்கும் உலகத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அரசின் மீது யாராவது வழக்குப் போட்டால், உரிய துறையிடம் விவரம் கேட்டு வாங்கி, நீதிமன்றத்தில் அரசின் பதிலுரையைத் தாக்கல் செய்வதுதான் அந்தச் சிறிய அலுவலகத்தின் வேலை. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், முன்பு தானியக் கிடங்காக இருந்த கட்டடத்தின் மாடியில் அது நடந்து வந்தது. துறைகள் விவரம் அனுப்பத் தவறியதில்லை. தாமதமாகவேனும் அனுப்பிவிடும். அந்த விவரங்கள்தான் பழுப்பு உறைகளில் வந்து சேர்ந்தன.

வழக்கம் எங்கிருந்து முளைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ராயப்பராஜ் என்பவர் தலைமை வழக்கறிஞராக இருந்தார். ஒரு நாள் உறையொன்றைப் பிரித்தார், படித்தார். தவறு தங்களுடையதுதான் என்று துறை ஒப்புக்கொண்டிருந்தது. மனிதர் அதை அப்படியே நீதிமன்றத்தில் சொன்னார். வழக்கு பத்து நிமிடத்தில் முடிந்தது, அரசு தோற்றது. மறு வாரமே, அரசு தோற்கக் காரணமாக இருந்ததற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அவர் விளக்கம் எழுதி அனுப்பினார். அதற்கு மேலிடத்திலிருந்து வந்த பதில்தான் பீரோவில் முதன்முதலாகப் பிரிக்கப்படாமல் வைக்கப்பட்ட உறை. அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே ராயப்பராஜ் ஓய்வு பெற்றுப் போனார்.

அவருக்கு அடுத்து வந்த ஞானதாஸ் கண்டுபிடித்த உண்மை எளிமையானது. பிரிக்காத உறைக்குள் தோல்வி இருக்க முடியாது. நீதிமன்றத்தில் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற அவர் பொய் சொல்லவும் மாட்டார். “உறை வந்திருக்கிறது, விவரம் எங்கள் கவனத்துக்கு வரவில்லை, கால அவகாசம் வேண்டுகிறோம்” என்பார். மூன்றும் மெய்யே. வாய்தா கிடைக்கும். முடியாத வழக்கில் தோற்க முடியாது. ஆண்டறிக்கையில் ‘தோல்வி’ என்ற கட்டத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பூஜ்யம் உட்கார்ந்திருந்தது. ‘வெற்றி’ என்ற கட்டத்திலும் அதுவேதான் இருந்தது. ஆனால் இரண்டு பூஜ்யங்கள் அருகருகே பார்க்க நன்றாயில்லை என்று வெற்றிக் கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

சகாயசெல்வி அங்கே தட்டச்சராகச் சேர்ந்து இரண்டு ஆண்டு நிறையப் போகிறது. தகுதிகாண் பருவம் முடிந்து வேலை நிரந்தரமாக ஞானதாஸின் ஒரு கையெழுத்துதான் பாக்கி. தட்டச்சு செய்ய அங்கே அதிகம் இல்லாததால் தபாலும் தராசும் அவள் பொறுப்புக்கு வந்தன. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் வைத்திருப்பார்களே, கிராம் சுத்தமாகக் காட்டும் மின்தராசு, அதுதான். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாத அலுவலகத்தில் உறைகளை வேறெப்படிப் பதிவேட்டில் அடையாளம் காட்டுவது? எடையைக் கொண்டுதான்.

மற்றவர்கள் எடையை எழுதிவிட்டு மறந்தார்கள். செல்விக்கு மறக்க வரவில்லை. தபால் கொண்டுவரும் துறை ஊழியர்கள் பேச்சுவாக்கில் சொல்வதோடு எடையை ஒத்துப் பார்த்ததில், ஆறு மாதத்தில் அவளுக்கு ஒரு நுட்பம் பிடிபட்டுவிட்டது. துறை மறுப்பதாக இருந்தால் உறை கனக்கும். அரசாணை நகல், வரைபடம், அடங்கல் எல்லாம் சேர்ந்து இருநூறு, முந்நூறு கிராம் போகும். கூடுதல் அவகாசம் கேட்பதாக இருந்தால் இருபது கிராமில் நிற்கும். பன்னிரண்டு கிராம் என்று வந்தால் உள்ளே ஒரே ஒரு தாள். மறுக்கத்தான் பக்கம் பக்கமாக வேண்டியிருக்கிறது. தப்பு எங்களுடையது என்று சொல்ல ஒரு தாள் தாராளமாகப் போதும். இந்த நுட்பத்தைப் பற்றி அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வழக்குக்குச் சம்பந்தமில்லாத உறைகளுக்கும் அதே கதிதான். கண்காணிப்பாளர் மோகன்குமாரின் பதவி உயர்வு ஆணை நான்கு ஆண்டுகளாக ஏழாம் எண் கட்டில் கிடந்தது. அதற்கு வரவு முத்திரை குத்தியவரே அவர்தான். கட்டடத்தின் தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொதுப்பணித் துறையிலிருந்து வந்த உறையும் அந்தப் பாரத்தோடு தன் பன்னிரண்டு கிராமையும் சேர்த்துக்கொண்டு அங்கேயே இருந்தது. ஆயுத பூஜையன்று பீரோக்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி படைப்பார்கள். ஞானதாஸ் கொஞ்சம் தள்ளி நின்று கும்பிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த அலுவலகத்துக்குள்தான் மாயம்மாளின் உறை வந்தது.

மாயம்மாள் சேவுகம்பட்டிக்காரி, ஒரு ஏக்கர் மல்லிகை வைத்திருந்தாள். தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்குப் போகும் பாதையை, அங்கே வாய்க்கால் ஓடுவதாகச் சொல்லி, அரசு கல் ஊன்றிக் கம்பி கட்டி அடைத்துவிட்டது. அந்த இடத்தில் வாய்க்கால் என்றுமே ஓடியதில்லை. ஆடு மாடும் அவளும்தான் நடந்தார்கள். அவள் வழக்குப் போட்டாள். வழக்கு முடியும்வரை இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று. ஆகவே கம்பியும் இருந்தபடியே இருந்தது. விடியக் காலையில் பறித்த மொட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரையைச் சுற்றி அவள் சாலைக்கு வருவதற்குள் நிலக்கோட்டைக்குப் போகும் பூ வண்டி போயிருக்கும். அடுத்த பேருந்தைப் பிடித்துச் சந்தைக்குப் போய்ச் சேரும்போது மொட்டு வாய் திறந்திருக்கும். விரிந்த பூவை யாரும் சீந்தமாட்டார்கள். மூன்று கோடை இப்படிப் போயிற்று. நான்காவது கோடையும் போனால் செடியை வெட்டிவிடுவதாக அவள் மகன் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் அவள் மாடியேறி வருவாள். கடிதம் வந்ததா என்று கேட்பாள். உறை வந்திருக்கிறது, விவரம் வரவில்லை என்று செல்வி சொல்வாள். மாயம்மாள் கொண்டுவந்த மல்லிகைச் சரத்தில் ஒரு முழம் கிள்ளி மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள். அதைச் சூடிக்கொள்ளவும் செல்விக்கு மனம் வராது, குப்பையில் போடவும் மனம் வராது, தராசின்மேல் வைத்துவிடுவாள். அன்றைய உறைகளின் எடையெல்லாம் இருபத்தைந்து கிராம் கூடுதலாகப் பதிவாகும்.

சித்திரையில் வந்த வாய்தா முக்கியமானது. அதைத் தாண்டினால் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை, பிறகு ஆனியில்தான். அதற்குள் மல்லிகைக் காலம் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இந்த முறை மாயம்மாள் முந்தின நாள் வந்தபோது பூக் கொண்டுவரவில்லை. நேராக வந்து மேசையில் இரு கையையும் ஊன்றி நின்றாள். தானே தாலுகா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். அங்கிருந்த எழுத்தர், அளந்தவர்கள் செய்த தப்பு அது, பாதை உன்னுடையதுதான், ஐப்பசியிலேயே எழுதி அனுப்பியாயிற்று என்று நகலைக்கூடத் தூரத்தில் காட்டினாராம்.

“அம்புட்டுத் தூரம் வந்த கடுதாசி, இந்த மாடிப்படி ஏறமாட்டேங்குதாக்கும்?” என்று கேட்டாள்.

செல்விக்கு வாயில் தயாராக இருந்தது அந்த ஒரே பதில். “உறை வந்திருக்கு ஆத்தா. விவரம் வரல.”

“ஒறைக்குள்ள பெறகு என்ன இருக்கு, வெத்தல பாக்கா? தாயி, நீ படிச்ச புள்ள. ஒனக்கே சிரிப்பு வரலையா?”

செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. மாயம்மாள் போன பிறகு பதிவேட்டைப் புரட்டினாள். ஐப்பசி, வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு, அனுப்புநர் வட்டாட்சியர், எடை பன்னிரண்டு கிராம். அவளுடைய கையெழுத்துத்தான். எழுதிய அன்றைக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஆறு மாதம் மல்லிகைப் பூ வாங்கியிருக்கிறாள்.

மோகன்குமாரிடம் போய், அந்த ஒன்றை மட்டும் பிரித்தால் என்ன என்று மெல்லக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. ஏழாம் எண் கட்டு இருந்த பீரோவைப் பார்த்தார்.

“ஏம்மா செல்வி, அதுல என் உத்தரவே கெடக்கு. என் வீட்டுக்காரி நாலு வருசமாத் திட்டுறா. நான் பிரிச்சேனா? ஒண்ணப் பிரிச்சா அடுத்ததைப் பிரிக்கச் சொல்லுவாங்க. எல்லாத்தையும் பிரிச்சா அப்புறம் நமக்கு இங்க என்ன சோலி?”

அவர் சொன்னதில் தியாகத்தின் மிடுக்கு இருந்தது. தன் பதவியையே பீரோவுக்குள் போட்டுப் பூட்டிய மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

மறுநாள் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. மாநிலத்திலேயே தோல்வி காணாத ஒரே பிரிவு எது, அது எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து மற்ற மாவட்டங்களுக்கும் பரப்புவதற்காகச் சென்னையிலிருந்து பானுப்ரியா என்ற ஆய்வு அதிகாரி வந்திருந்தார். காலையில் அலுவலகத்தைப் பார்வையிட்டார். மொத்தக் கையிருப்பு அறுநூற்று நாற்பது கிலோ என்று ஞானதாஸ் சொன்னபோது குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார். தளம் ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருப்பதைக் கவனித்து, காற்றோட்டத்துக்காகவா என்று கேட்டார். அப்படித்தான் என்று மோகன்குமார் சொல்லிவிட்டார். உறைகளைப் பிரிப்பதுண்டா என்று அதிகாரி கேட்கவே இல்லை. கேட்கத் தெரியாதவரல்ல, அவருடைய கைப்பையிலேயே பிரிக்காத பழுப்பு உறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைச் செல்வி பார்த்தாள். பாராட்டுச் சான்றிதழை நீதிமன்ற நடவடிக்கையைக் கண்ணால் பார்த்த பின் தருவதாக அதிகாரி சொன்னார்.

கட்டுகளைத் தூக்கிக்கொண்டு செல்வியும் நீதிமன்றத்துக்குப் போனாள். உறை வந்திருப்பதற்குச் சாட்சியாக உறையையே எடுத்துப்போய்க் காட்டுவது அந்தப் பிரிவின் நேர்மை. இருநூற்றுப் பன்னிரண்டு அவள் கையில் இருந்தது. பின் பெஞ்சில் அதிகாரி, பக்கத்தில் மோகன்குமார். கதவோரத்தில், உட்காரச் சொல்லியும் உட்காராமல், மாயம்மாள்.

வழக்கு எண் அழைக்கப்பட்டது. விவரம் வந்ததா என்று நீதிபதி கேட்டார். அவர் அந்த நீதிமன்றத்துக்குப் புதியவர். ஆனாலும் முந்தைய முப்பத்தேழு வாய்தாக்களின் குறிப்பு அவர் முன்னால் இருந்தது; முப்பத்தெட்டாவதற்கான இடமும் காலியாக இருந்தது.

ஞானதாஸ் எழுந்து அங்கியைச் சரிசெய்துகொண்டு, கணீரென்ற குரலில் சொன்னார். “கனம் நீதிபதி அவர்களே, உறை வந்திருக்கிறது. விவரம் எங்கள் கவனத்துக்கு வரவில்லை. கால அவகாசம் வேண்டுகிறோம்.”

பின்னால் கையை நீட்டினார். அந்த இடத்தில் செல்வி உறையைக் கொடுக்க வேண்டும். அவர் அதை உயர்த்திக் காட்ட வேண்டும். நீதிபதி ஆனி மாதத்தில் ஒரு தேதி எழுத வேண்டும். நீதிபதி பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். கதவோரத்தில் மாயம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள், கண்மாய்க்கரையைச் சுற்றி நடக்க ஆயத்தமாகிறவளைப் போல.

ஞானதாஸின் கை காற்றில் நின்றது. உறை வரவில்லை. அவர் விரல்களை அசைத்துக் காட்டினார். அப்போதும் வரவில்லை.

செல்வி தோளில் சேலைக்குக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். மடிப்பு குலைந்து சரிந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. உறையை மேசைமேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்து, ஒட்டியிருந்த விளிம்பில் ஊக்கின் முனையை நுழைத்து இழுத்தாள். ஆறு மாதப் பசை காய்ந்து போயிருந்ததால் சத்தம் அவள் எதிர்பார்த்ததைவிடப் பலமாகக் கேட்டது. மோகன்குமார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆய்வு அதிகாரியின் கை கைப்பையின் வாயைப் பொத்தியது. ஞானதாஸ் திரும்பிப் பார்த்து, நீட்டிய கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

உள்ளே ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அவள் அதை விரித்தாள்.

“விவரம் வந்திருச்சுங்கய்யா,” என்று சொல்லிவிட்டு, கதவோரம் வரைக்கும் கேட்கும்படி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.