படிப்பு என்ற கட்டம்

போதகர் மாதாமாதம் அனுப்பவேண்டிய நாட்குறிப்பில் ஐந்து கட்டங்கள். ஜெபம், படிப்பு, வீடு சந்திப்பு, நோயாளிகள், அடக்கம். நான்கில் எழுத இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார். படிப்பு என்ற கட்டம் மட்டும் பதினொரு மாதமாக வெள்ளை வெளேரென்று கிடந்தது.

அதைக் கேட்கத்தான் வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரி வந்து இறங்கினார். கையில் குடை, சட்டைப்பையில் கடிகாரம். அவரும் போதகர்தான், ஆனால் முப்பது சபைகள் அவர் கண்காணிப்பில். அவர் ஒரு வரி எழுதினால் போதும். ஒரு போதகர் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கி, தலைமை அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பிரதியெடுக்க உட்காரவேண்டியதுதான்.

"நீங்க படிக்கவே மாட்டீங்களா?"

"விடியக்காலைல ஒரு அதிகாரம் படிப்பேன் ஐயா. அப்புறம் நடந்துக்கிட்டே யோசிப்பேன்."

"பிரசங்கம் எழுதறது?"

"எழுதறதில்ல ஐயா."

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். வெள்ளிக்கிழமைக்குள் பிரசங்கத்தை முழுதாக எழுதிப் பீடத்துத் தட்டில் வைத்துவிட வேண்டும் என்பது சட்டம். போதகர் நோயில் படுத்துவிட்டால் வேறொருவர் எடுத்து வாசிப்பார்.

"நாளைக்கே நீங்க படுத்துட்டா சபைக்கு என்ன கிடைக்கும்? வெறும் காத்தா?"

போதகரின் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "பேனாவைக் கண்டா இவருக்குக் கை ஓடாதுங்க ஐயா. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு கடுதாசி போட்டாரு. மூணு வரி. அதுல ரெண்டு வரி விலாசம்."

மேலதிகாரி சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை இருந்து கேக்கறேன். திருப்தி இல்லன்னா பீடத்துக்கு வேற ஆள்."

போதகர் வேலை செய்யும் விதம் இதுதான். திங்கட்கிழமை வேதத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வார். வீடு வீடாக அதைத் தூக்கிக்கொண்டு நடப்பார். ஜெபம் முடிந்ததும் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்பார். கிடைத்த பதிலை அடுத்த வாசலில் சொல்லி, அங்கே இன்னொரு கேள்வி. சனிக்கிழமை இருட்டுமுன் பிரசங்கம் முடிந்திருக்கும். ஒரு வரியும் தாளில் இருக்காது.

அந்த வாரம் எடுத்தது கைகால் விளங்காத திமிர்வாதக்காரன் கதை. இயேசு இருந்த வீட்டுக்குள் நுழையக் கூட்டம் வழிவிடவில்லை. நான்கு பேர் கூரையைப் பிரித்து, அவனைப் படுக்கையோடு கீழே இறக்கினார்கள். அவன் எழுந்து, படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தான்.

சனிக்கிழமை மேலதிகாரியும் கூடவே வந்தார். ஒன்பது வீடுகள். ஆறாவது வீட்டில் அவருக்கு மூச்சு வாங்கியது. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை ஒருவருக்குத்தான் காணும். போதகர் வெளியே நனைந்தபடி கேட்டார்:

"ஐயா, அவன் எழுந்து நடந்தப்ப அந்த நாலு பேரும் எங்க இருந்திருப்பாங்க?"

"இதென்ன கேள்வி? கூரை மேலதான். கயிறு அவங்க கைல. எப்படிக் கீழ வருவாங்க? அங்கிருந்தே பாத்திருப்பாங்க."

போதகர் மழையில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. முடிஞ்சிருச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை போதகருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மனைவி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னாள். மூன்று செம்பு காலியானது. வந்தது காற்றுதான்.

பாட்டு முடிந்தது. போதகர் பீடத்தில் ஏறி வாயைத் திறந்தார். சத்தம் எழவில்லை. மறுபடி திறந்தார். கை தன்னை அறியாமல் பீடத்துத் தட்டைத் துழாவியது. வெறும் மரம். முதல் பெஞ்சில் மேலதிகாரி கடிகாரத்தை வெளியே எடுத்தார். தலைமை அலுவலகப் பதிவேடுகளின் நெடி போதகரின் மூக்கில் ஏறியது.

மூன்றாம் வரிசையில் கொத்தனார் எழுந்தார்.

"ஐயா, திங்கக்கிழமை எங்கிட்ட கேட்டதை நான் சொல்லட்டா?"

போதகர் தலையாட்டினார்.

"கூரையைப் பிரிச்சா என்ன ஆகும்னு கேட்டாரு. மண்ணும் தூசியும் கீழ இருக்கிறவங்க தலைலதான் கொட்டும்னேன். அப்ப ஆண்டவர் தலைலயும் கொட்டியிருக்கும், அவர் ஒதுங்கலன்னாரு ஐயா. சரி, அந்தக் கூரையை யார் திருப்பிப் போட்டதுன்னு கேட்டேன். அதுக்கு இன்னும் பதில் வரல."

கோயிலே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் சலவைக்காரம்மா எழுந்துவிட்டாள்.

"புதன்கிழமை எங்கிட்ட படுக்கையைப் பத்திக் கேட்டாருங்க. எழுந்திரிக்க முடியாத மனுசன் படுத்த துணி எனக்குத் தெரியும். மூக்கைப் பொத்தாம கிட்டப் போக முடியாது. ஆனா அந்த நாலு பேருக்கும் ரெண்டு கையும் படுக்கைல இருந்துச்சே, எதால பொத்துவாங்கன்னேன். அன்புக்குக் கை ஒழியாதும்மான்னாரு ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து சவப்பெட்டி செய்யும் தச்சர் கனைத்தார்.

"நாலு பேர் தூக்கிட்டுப் போற பெட்டி செய்யறவன் நான். இதுவரைக்கும் எவனும் திரும்பி வந்து, பெட்டி சின்னதுன்னு எங்கிட்ட குறை சொன்னதில்ல."

"சொல்லிட்டா நீ கடைய மூடிருவியே!" என்றார் கொத்தனார்.

"இரு அண்ணே. இந்தத் திமிர்வாதக்காரன் திரும்பி வந்தான். எதுல தூக்கிட்டுப் போனாங்களோ, அதையே அவன் தூக்கிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை இதைச் சொன்னதும் ஐயா என் கையப் பிடிச்சுக்கிட்டாரு."

தச்சர் உட்கார்ந்தார். அதற்குமேல் சொல்ல யாரும் எழவில்லை. பிரசங்கம் முடிவில்லாமல் நின்றது. முடிவு யாரிடம் இருக்கிறது என்பது போதகருக்குத் தெரியும். முதல் பெஞ்சைப் பார்த்தார்.

மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பைக்குள் போட்டார். எழுந்து சபையின் பக்கம் திரும்பினார்.

"நேத்து மழைல எங்கிட்டயும் கேட்டார்." கண்ணாடியைக் கழற்றினார். "அந்த நாலு பேரும் கூரை மேலதான் இருந்திருப்பாங்க. கயிறு அவங்க கைல. கீழ ஒருத்தரும் அவங்களை நிமிர்ந்து பாக்கல. அவன் நடந்தான். அதை நல்லாப் பாத்தது அவங்கதான், மேல இருந்ததால."

ஆமென் என்ற சத்தத்தில் ஜன்னல்கள் அதிர்ந்தன. போதகரின் மனைவியுடையதுதான் பெரிய சத்தம். போதகர் பீடத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார்.

ஆராதனை முடிந்ததும் மேலதிகாரி நாட்குறிப்பைக் கேட்டு வாங்கினார். வெள்ளைக் கட்டத்தில் தன் கையாலேயே எழுதினார்: "வாரம் ஆறு நாள். வீடு வீடாக. கூட இருந்து கண்டேன்." கையெழுத்தும் போட்டார்.

வாசலில் கொத்தனார் வழிமறித்தார். "ஐயா, வர்ற வாரம் எந்தக் கதை?"

போதகர் தொண்டையைத் தொட்டுக் கைவிரித்தார்.

"குரல் வந்ததும் சொல்வார்" என்றார் மேலதிகாரி குடையை எடுத்துக்கொண்டே. போதகரின் மனைவியிடம் திரும்பினார். "எனக்கும் ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கம்மா."

"மூணு வரி போடுவாருங்க ஐயா" என்றாள் மனைவி.