நாற்பத்தேழு நாள்

என் கணவன் வால்டோ அருகிபா முப்பது வருஷம் கடற்படையில் இருந்தான். கேப்டன் வரைக்கும் உயர்ந்தான். கடலைப் பார்த்ததில்லை.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்குப் பழகிவிட்டது. எங்கள் பொலிவியாவின் கடற்கரை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒரு போரில் சிலியிடம் போய்விட்டது. கடல் போனாலும் கடற்படை இருக்கிறது. ஏரியில் இருக்கிறது, ஆறுகளில் இருக்கிறது, லா பாஸில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியிலும் இருக்கிறது. அந்த மாடியில் தரையைத் தரை என்று சொன்னால் முறைப்பார்கள், கப்பல் தளம் என்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து கிளம்புகிறவன் வீட்டுக்குப் போவதில்லை, கரைக்குப் போகிறான். தினமும் சாயங்காலம் வால்டோ போன் செய்வான்.

"நெலி, கரைக்குக் கிளம்பிட்டேன்."

"அந்தக் கரையில ரொட்டி வித்தா நாலு வாங்கிட்டு வா," என்பேன்.

அவன் ஏறிய படிகளை நாங்கள் மாறிய வீடுகளை வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். சப்-லெப்டினன்ட்டாகத் திகினாவில், ஏரிக் காற்றுக்குக் கதவு நிற்காத ஒரு வீடு. லெப்டினன்ட்டாக ரிபெரால்டாவில், கொசுக்களோடு நாலு வருஷம். கமாண்டர் ஆனபோது பிரேசில் எல்லையில், புவெர்ட்டோ சுவாரெஸில். மொத்தம் பதினொரு வீடு. ஒவ்வொரு மாற்றலுக்கும் நான் ஒரு பள்ளிக்கூட வேலையை விட்டேன், கடைசியில் வேலை தேடுவதையே விட்டேன். அதற்கு யாரும் எனக்குப் பதக்கம் குத்தவில்லை.

மமோரே ஆறு ஊருக்குள் புகுந்த வருஷம் அவன் பத்தொன்பது நாள் படகைவிட்டு இறங்கவில்லை. கூரைமேல் உட்கார்ந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்தான். படகிலேயே பிறந்த ஒரு பெண்ணுக்கு வால்டினா என்று பெயர், இந்த வருஷம் பள்ளி இறுதி எழுதுகிறாள். பணிப் பதிவேட்டில் இதற்கெல்லாம் சேர்த்து ஒன்றரை வரி.

அதே பதிவேட்டின் முதல் பக்கத்தில் இன்னொரு வரி உண்டு. 'அர்ஜென்டினப் பயிற்சிக் கப்பலில் நாற்பத்தேழு நாள் கடற்பயணம்.' அவன் வேலையில் இருந்த காலமெல்லாம் நானும் அதை நம்பித்தான் இருந்தேன். கடல் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் "பெருசா இருக்கும்" என்று மட்டும் சொல்வான். பேச்சு வராத மனிதன் என்று விட்டுவிட்டேன்.

போன நவம்பரில் ரியர் அட்மிரல் பதவிக்கு ஐந்து கேப்டன்கள் நின்றார்கள். இரண்டு இடம். கிடைத்தவர் அட்மிரல், கிடைக்காதவர் ஓய்வு. அதோடு ஒரு புது விதி: முப்பது நாளாவது கடலில் இருந்திருக்க வேண்டும். தேர்வுக்குழு கூடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் பதிவேட்டைப் படித்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். எனக்குக் கவலையே இல்லை. பதவியேற்புக்கு நீலத் துணி எடுத்துத் தையற்காரியிடம் கொடுத்தாகிவிட்டது.

கையெழுத்துப் போட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் போன் வரவில்லை. ஆள் வந்தான்.

"கரைக்கு வந்தாச்சா?" என்றேன்.

தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நெலி, நான் அந்தக் கப்பல்ல ஏறவே இல்ல."

பத்தொன்பது வயதில், பதினெட்டு மாணவர்களாக ரயிலில் கிளம்பியிருக்கிறார்கள். எல்லை வருவதற்குள் இவனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. துபீசா ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு மற்ற பதினேழு பேரும் போய்விட்டார்கள். ஆனால் எழுத்தர் பட்டியலை முன்கூட்டியே தட்டச்சு செய்துவிட்டார். அதில் பதினெட்டு பேரும் கடலில் இருந்தார்கள். இவன் போய்ச் சொன்னபோது பயிற்சி அதிகாரி, "அடுத்த வருஷம் உன்னையும் அனுப்பிடுறோம், அப்ப சரியாயிடும். இப்பப் போ," என்றாராம். அடுத்த வருஷம் பயணமே இல்லை.

"என்கிட்டகூடச் சொல்லலையே, பாவி," என்றேன்.

"வெக்கமா இருந்துச்சு. கடலைப் பாக்காத கடற்படைக்காரன்னு நீ சிரிப்பே."

"சிரிச்சிருப்பேன்தான்! அதுக்காகக் கல்யாணமான இந்த இருபத்தேழு வருஷமா மறைப்பாங்களா?"

அவன் என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வால்டோ, தப்பு பண்ணது அந்த எழுத்தர். நீ வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்தைப் போடு. இருநூத்துச் சொச்சம் பேரைக் காப்பாத்தினியே, அது பொய்யா? பதினொரு வீடு மாறினேனே, அது பொய்யா?"

"இதுவரைக்கும் அது எழுத்தரோட தப்பு நெலி. நாளைக்குக் கையெழுத்துப் போட்டா என்னோடது."

அன்றைக்கு நான் அவனுக்குச் சோறு போடவில்லை. அவனாகவே சூப்பைச் சூடுபண்ணிக் குடித்தான், பாத்திரத்தையும் கழுவி வைத்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பதிவேட்டின் கீழே இரண்டு வரி எழுதினான்: 'முதல் பக்கத்தில் உள்ள நாற்பத்தேழு நாள் தவறு. நான் கடலில் இருந்த நாட்கள்: இல்லை.' அதன் கீழே கையெழுத்து.

டிசம்பரில் பட்டியல் வந்தது. எட்வின் தெர்செரோஸ் பெயர் இருந்தது, வால்டோ பெயர் இல்லை. எட்வின் இவனோடு படித்தவன், அந்த ரயிலில் போன பதினேழு பேரில் ஒருவன். அன்றைக்கே ஒரு பை நிறைய, உள்ளே கறி வைத்துச் சுட்ட சால்த்தேனியா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஏண்டா மடையா, யாருடா உன்னைக் கேட்டது? எனக்குத் தெரியும்டா. நான் யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேன். கல்லறைக்குக் கொண்டு போயிருப்பேன்."

"உன் கல்லறையில என் பொய் எதுக்குடா? உன்னோடதுக்கே இடம் பத்தாது."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்வினுக்கு வாழ்த்துச் சொன்னேன், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீலத் துணி தைத்து வந்து அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் சிலியின் கடற்கரை ஊரான அரிக்காவுக்கு இரண்டு பஸ் டிக்கெட் எடுத்தேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது பக்கத்து வீட்டார் எல்லாரும் கோடைக்கு அங்கேதான் போவார்கள். இவன் மட்டும் வரமாட்டான். நம் கரையைப் பிடுங்கிக்கொண்ட நாட்டுக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு போவதா என்பான். அது மட்டும்தான் காரணமா, அங்கே போனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயமா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். இந்த முறை மறுபேச்சு பேசாமல் பெட்டியைத் தூக்கினான்.

எல்லையில் சிலிக்காரப் பையன் ஒருவன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"தொழில்?"

"கடற்படை. ஓய்வு."

பையன் பாஸ்போர்ட்டைத் திருப்பி, எந்த நாடு என்று பார்த்தான். பிறகு இவனை நிமிர்ந்து பார்த்தான்.

"கடலுக்கு இதான் முதல் தடவையா சார்?"

பின்னால் பஸ் முழுக்க எங்கள் ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். எவனாவது சிரிக்கட்டும், காதோடு ஒன்று வைக்கிறேன் என்று திரும்பி நின்றேன்.

"ஆமா," என்றான் வால்டோ, எல்லாருக்கும் கேட்கும்படி. "முதல் தடவை."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கோபம் அங்கேதான் போனது. அட்மிரலின் மனைவியாக இருந்திருந்தால்கூட அவனை இவ்வளவு பெருமையாகப் பார்த்திருக்க மாட்டேன்.

அரிக்காவில் நான் அந்த நீல உடையைத்தான் உடுத்திக்கொண்டேன். கடற்கரையில் பாதி லா பாஸ் குடைபிடித்து உட்கார்ந்திருந்தது. வால்டோ காலணிகளைக் கழற்றி ஜோடியாக வைத்தான், கால்சட்டையை மடித்துவிட்டான், நேராக உள்ளே நடந்தான். முழங்காலுக்கு மேலே தண்ணீர். அப்படியே நின்றான். அரை மணி நேரமாகியும் திரும்பவில்லை. வாங்கி வைத்த மீன் வறுவல் ஆறிப்போனது.

"கரைக்கு வா, கிழவா!" என்று கத்தினேன். "சாப்பிடணும்!"

"இரு நெலி, கொஞ்ச நாள்!"

"எத்தனை நாள்?"

அப்போதுதான் திரும்பினான். முகமெல்லாம் ஈரம்.

"நாப்பத்தேழு!"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.