ஞாயிற்றுக்கிழமைக் காற்று

மாரிஸின் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பியபோது, மருத்துவமனையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்கள். கனமானதைத் தூக்கக் கூடாது, முக்கி எதையும் அழுத்தக் கூடாது. என் புருஷனைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

எங்கள் ஊர் பிரிட்லிங்டன் காற்றுத் துப்பாக்கிச் சங்கத்தில் துப்பாக்கிக்குக் கைப்பம்பால் காற்றடிக்கிறவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் கடலில் முக்குளிக்கிறவர்களுக்கான கடையில் சிலிண்டரை நிரப்பிவந்து, குழாயை மாட்டித் திருகைத் திறந்தால் வேலை முடிந்தது. "சோம்பேறிக் காத்து" என்று மாரிஸ் அவர்களைக் கேலி செய்வான். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரியா இது? அழுத்தம் ஏற ஏறக் கைப்பிடி இறங்காது. உடம்பையே அதன்மேல் சாய்க்க வேண்டும். தைத்த நெஞ்சு அதைத் தாங்காது. பம்பைத் தொட்டால் அன்றைக்கே அவன் போய்விடுவான் என்று பயந்தேன். துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்லவும் பயம். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குப் போய்ச் சுடுவதும் இல்லையென்றால் எதற்காக அவன் எழுந்திருப்பான்?

அதனால் அவனுக்குத் தெரியாமல் பழைய சிலிண்டர் ஒன்றை வாங்கி, அதே கடையில் காற்று நிரப்பிக் காரின் பின்பக்கத்தில் போர்வைக்கு அடியில் ஒளித்தேன். அது இரும்பு. தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிற்று.

ஞாயிறு காலையில் அவன் குறட்டை விடும்போது சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, துப்பாக்கி இருக்கும் தோட்டத்துக் கொட்டகைக்குப் போவேன். குழாயின் முனையில் இருக்கும் ரப்பர் வளையத்தில் சிலிகான் மசகைத் துளி தடவுவேன். வேறு எண்ணெய் பட்டால் அந்த அழுத்தத்தில் தீப்பிடித்துவிடும் என்று அந்தக் கடைக்கார கிளிஃபர்ட் பயமுறுத்தி வைத்திருந்தார். சிலிண்டர் திருகை மயிரிழைதான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் துப்பாக்கியின் காற்று உருளை சூடாகிவிடும். குழாயில் உள்ள மீட்டரின் முள் நத்தை மாதிரி நகரும்வரை குளிரில் நிற்பேன். முழு அளவுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திவிடுவேன், நாலைந்து அடியிலேயே அவன் வேலை முடியட்டும் என்று. சிலிண்டரை மூடி, குழாயில் தங்கிய காற்றை வெளியே விட்ட பிறகே கழற்றுவேன். விடாமல் கழற்றினால் குழாய் துள்ளி முகத்தில் அறையும்.

துப்பாக்கி பழைய மாடல், அதில் மீட்டரே கிடையாது. பம்பில் உள்ள மீட்டரைப் படிக்க மாரிஸுக்கு இப்போது கண்ணும் போதாது. கண்டுபிடிக்க மாட்டான் என்ற தைரியத்தில்தான் இருந்தேன். பிறகு அவன் எழுந்துபோய்க் கொட்டகையில் பம்பு அடிக்கும் சத்தம் கேட்கும், மெதுவாக அடிக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். வெகுநேரம் கழித்து வந்து, "ஏத்தியாச்சு" என்பான். நான் சாண்ட்விச் கட்டி, ஃப்ளாஸ்கில் தேநீர் ஊற்றி, சிரித்த முகத்தோடு காரை எடுப்பேன். ஈரப் புல்லில் உட்கார்ந்து கிழவர்கள் குறிக்காக நட்ட தகரக் காக்கைகளைச் சுட்டு வீழ்த்துவதைப் பார்ப்பேன். எனக்கு அந்த இடமே பிடிக்காது.

இப்படியே இரண்டு குளிர்காலம் ஓடியது.

போன சனிக்கிழமை கிளிஃபர்ட் சிலிண்டரின் கழுத்தில் பொறித்த தேதியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சோதனைக்கெடு முடிந்துவிட்டதாம். சோதித்து முத்திரை குத்தி வரும்வரை ஒரு பொட்டுக் காற்று தரமாட்டேன் என்றார். கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. அவர் சொன்னது நியாயம் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

சரி, விடியுமுன் எழுந்து நானே பம்பு அடித்துவிடலாம் என்று படுத்தேன். அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை. தோட்டத்திலிருந்து பம்பு சத்தம் வந்துகொண்டிருந்தது.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். துப்பாக்கியில் காற்றே இல்லை, அடியிலிருந்து ஏற்றுகிறான், நான் போவதற்குள் விழுந்திருப்பான் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

மாரிஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையால் பம்பை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தான். பம்பின் காற்றுத் திருகு திறந்தே இருந்தது, அடித்த காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியே போயிற்று. துப்பாக்கி உறைக்குள்ளேயே கிடந்தது. முழங்காலில் செய்தித்தாள் விரித்திருந்தது.

என்னைப் பார்த்ததும் அவன் பம்பை நிறுத்தினான்.

"இன்னிக்கு உள்ள காத்து இல்ல, மாரிஸ்," என்றேன். "கிளிஃபர்ட் சிலிண்டர நிரப்பித் தரமாட்டேன்னுட்டாரு."

"அப்படியா. பாவம், நீ ராத்திரியெல்லாம் தவிச்சிருப்பியே."

"உனக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியும். நாலு அடியிலயே கைப்பிடி கல்லு மாதிரி நின்னுபோச்சு. வெறும் துப்பாக்கின்னா அப்படி நிக்குமா? கண்ணுதான் போச்சு தெல்மா, கையுமா போச்சு?"

"அப்ப எதுக்குடா கிழவா இவ்வளவு நாள் என்னைத் தூக்க விட்ட?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "அந்த இரும்பத் தூக்கிட்டு வந்து நிரப்பறே, சாண்ட்விச் கட்டறே. உனக்கு அங்க போறதுல அவ்வளவு ஆசைன்னு நெனச்சேன். அதான் தெரியாத மாதிரி வெறும் பம்ப ஆட்டிட்டு இருந்தேன். எனக்கு எப்பவோ அலுத்துப்போச்சு. புல்லுல உக்காந்தா எழுந்திரிக்க முடியல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கா ஆசை? நீ இத விட்டுட்டா படுத்த படுக்கையா ஆயிருவேன்னுதான்..." அழுதேன். இரண்டு வருஷத்துக் களைப்பும் சேர்ந்து வந்தது.

"நானும் அதேதான்," என்றான் மாரிஸ். "போக வேணாம்னு சொன்னா, இவன் முடிஞ்சான்னு நீ நெனச்சிருவியோன்னு பயம்."

துப்பாக்கியைப் பூட்டி வைத்தோம். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, விட்ட தூக்கத்தைத் தொடரப் படுத்தோம். அவன் முதலில் தூங்கினான் என்று நினைத்தேன். குறட்டை கேட்கவில்லை. மூச்சு இருக்கிறதா என்று காதை அவன் முதுகுப் பக்கம் கொண்டுபோனேன்.

"இருக்கேம்மா," என்றான் திரும்பாமல். "தூங்கு."