வராத பின்னம்

சிங்கத்தைப் பார்த்ததும் கணக்கு டீச்சருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சிங்கம் பாவம், தன் பாட்டுக்கு ஒரு வரிக்குதிரையின் விலாவைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. சுற்றி ஒன்பது ஜீப்புகள் நின்றன. ஈ மொய்க்கும் அந்தக் குடலும் சேர்ந்து தெரிகிற மாதிரி தன்னைப் படமெடுக்கச் சொல்லி, பக்கத்து சீட்டுப் பல் டாக்டர் கைப்பேசியை நீட்டினார். ஆனால் டீச்சருக்கு அருவருப்பு சிங்கத்தின் மேலும் இல்லை, பல் டாக்டர் மேலும் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் ஜீப் டிரைவர் சொன்ன விஷயம் தொண்டையிலேயே நின்றது.

ஊரில் பள்ளிக்கூட வேலைக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு, சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்க இந்தத் தூர தேசத்துக்கு வந்தவள் அவள். மூன்று மாதமும் முந்தாநாளோடு முடிந்தது. முடித்தவர்களை இரண்டு நாள் காட்டைச் சுற்றிக் காட்டி வழியனுப்புவது தொண்டு நிறுவனத்தின் வழக்கம். சஃபாரி என்றதும் வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

டிரைவரின் மகள் அவள் வகுப்பில் முதல் பெஞ்சு. அது தெரிந்ததும் டீச்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நான் வந்தபோது உங்கள் பெண்ணுக்கு அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டத் தெரியாது, ஐந்தில் இரண்டு என்று போட்டாள், மூன்றே மாதத்தில் பின்னத்தைக் கரைத்துக் குடித்துவிட்டாள் என்று அளந்துகொண்டே வந்தாள். 

“அவளுக்கு அது ஒன்றரை வருஷமாவே தெரியும் டீச்சர்,” என்றார் டிரைவர் கடைசியில்.

பிறகு பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு டீச்சர் வருவார். முன்பொரு தடவை வந்தவர், பிள்ளைகள் பின்னத்தைத் தண்ணீராய்ப் போடுவதைப் பார்த்து, இங்கே எனக்கு வேலையே இல்லை என்று பத்தாம் நாள் பெட்டியைக் கட்டிவிட்டார். அந்த வருஷம் நிறுவனம் வேறு ஆளும் அனுப்பவில்லை, அது பிள்ளைகளுக்குப் போட்டுவந்த மதியச் சாப்பாடும் நின்றுபோனது. அன்றிலிருந்து ஹெட்மாஸ்டர் ஒரு நடைமுறை வைத்தார். புது டீச்சர் வந்தால் முதல் மாதம் எல்லோரும் தப்பாகப் போட வேண்டும். இரண்டாம் மாதம் பாதிப் பேருக்குப் புரியலாம். மூன்றாம் மாதம் எல்லோருக்கும். டிரைவர் மகளுக்கு இவள் ஏழாவது பின்ன டீச்சர். மேல்பள்ளியில் சேர அடுத்த மாதம் நுழைவுத் தேர்வு. அதில் கேட்பது சமன்பாடு. எந்த டீச்சரின் பாடமும் சமன்பாடு வரை வந்து சேர்ந்ததே இல்லை. தேறாவிட்டால் அந்தப் பெண் அம்மாவோடு சஃபாரி விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கப் போக வேண்டியதுதான்.

“இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?”

“அன்னைக்குச் சொன்னா நீங்க போயிருப்பீங்க. இப்ப உங்க வேலை முடிஞ்சிருச்சு.”

டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பெண் சரியான விடையை எழுதி, அழித்து, ஐந்தில் இரண்டு என்று மாற்றியதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். ஐயோ பாவம், குழந்தை குழம்புகிறது என்று உருகினாள். கரும்பலகைக்கு முன்னால் அந்தப் பெண்ணின் தோளில் கை போட்டுப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். தம்பி பதிலுக்கு நாலு கும்பிடு படம் போட்டிருந்தான். இருபது வருஷம் கணக்கு நடத்தியவளுக்குப் பிள்ளைகள் நடிப்பதைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை. துப்பில்லையா, மனசில்லையா? பாராட்டு அவ்வளவு இனித்தது. 

சாயங்காலம் விடுதியிலிருந்து தொண்டு நிறுவனத்து அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். அறிக்கையில், ‘இவர்களுக்கு அடிப்படையே தெரியாது, பின்னத்திலிருந்து தொடங்கவும்’ என்று தான் எழுதியதை மாற்ற வேண்டும் என்றாள். அந்த அம்மா தேன் ஒழுகப் பேசினார். அறிக்கை பிரமாதமாம். திங்கட்கிழமை வரப்போகும் டீச்சருக்கு அனுப்பியாகிவிட்டதாம், அவர் படித்துவிட்டு அழுதேவிட்டாராம்.

“வர்றவங்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஏதாவது இருக்கட்டுமே மேடம்,” என்றார்.

பேசி முடித்ததும் டீச்சருக்குக் கைப்பேசியைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை ஜீப் யானை பார்க்கக் கிளம்பியது. டீச்சர் ஏறவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி டிரைவர் தன் மகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்தும் பாடமா, நீங்கள் தெய்வம் என்று பல் டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அவரை ஓங்கி அறையலாம் என்று வந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் இல்லாத மேஜையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று டீச்சர் சொன்னதும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நமக்கு ஒரு நாள்தான் இருக்கிறது, சமன்பாடு தொடங்கலாம் என்றாள் டீச்சர். தெரியாத எண் ஒன்றோடு ஐந்தைக் கூட்டினால் பன்னிரண்டு என்று எழுதி, இந்தப் பக்கத்து ஐந்தை எப்படி நீக்குவது என்று விளக்கினாள். பெண்ணின் கண் அந்த வரியில் ஒரு தரம் ஓடியது. பென்சில் தாளைத் தொட்டு அப்படியே நின்றது. பிறகு, தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்கிற பணிவோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“இது எனக்கு எத்தனாவது நாள் புரியணும் டீச்சர்?”

“இன்னிக்கே,” என்றாள் டீச்சர். 

பெண் ஏழு என்று எழுதினாள். எழுதிவிட்டு, டீச்சருக்குச் சந்தோஷம்தானா என்று அவள் முகத்தைப் பார்த்தாள்.