கங்கப்பன் போட்ட கொசுறு

ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடப் பவுலினாவுக்குத் தெரியாது. இருந்தாலும் கிருஷ்ணகிரிக்கு அவள் டாக்டரம்மாதான். டாக்டர் ஜான்பீட்டர் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகியும் ஊர் அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பட்டத்தோடு அவர் விட்டுப்போனது ஒரு கறுப்பு மாரிஸ் கார்.

ஐம்பத்தாறாம் வருஷத்து மாங்காய்க் காலத்தில், காவேரிப்பட்டினம் சாலையில், அந்தக் காரை ஒரு மாட்டுவண்டி பதம் பார்த்துவிட்டது. வண்டியின் அச்சுமுனை வலது பக்க மட்கார்டைக் கிழித்து மடக்கிவிட்டது. டிரைவர் கரியப்பன் அதைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, ஊர்ந்து ஊர்ந்து வீடு கொண்டுவந்து சேர்த்தான்.

பட்டறைக்குக் கொடுத்தாக வேண்டும். ஆனால் பவுலினாவின் பயமெல்லாம் மட்கார்டைப் பற்றியது அல்ல, இடது பக்கக் கதவைப் பற்றியது. அதன் கைப்பிடிக்குக் கீழே ஒரு பழைய நெளிசல் இருந்தது. கார் வாங்கிய அன்று, பெங்களூரிலிருந்து அத்தனை தூரம் பூப்போல ஓட்டிவந்த டாக்டர், சொந்த வீட்டு வாசல் தூணில் கொண்டுபோய் இடித்தார். பக்கத்தில் இருந்த பவுலினாவுக்குப் பதற வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பென்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அவரும் சேர்ந்துகொண்டார்.

"இது இப்பிடியே இருக்கட்டும் பவுலி. நான் ஓட்டுன லட்சணத்துக்குச் சாட்சி வேணுமில்ல" என்றார்.

அன்றிலிருந்து காரில் ஏறும்போதெல்லாம் அவள் உள்ளங்கை அந்தக் குழியில் ஒரு கணம் பதிந்துவிட்டுத்தான் கைப்பிடிக்குப் போகும். அவர் போனபின் அந்தக் கணம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

முதலில் கிருஷ்ணகிரியிலேயே ஒரு பட்டறையைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற வேன் முகம் பார்க்கலாம் போல மின்னியது. கரியப்பனுக்கு வாயெல்லாம் பல். பவுலினா மட்டும் அதன் பக்கவாட்டை விரலால் தட்டிப் பார்த்தாள். நோயாளியின் முதுகைத் தட்டி உள்ளே சளி கட்டியிருக்கிறதா என்று ஜான்பீட்டர் கேட்பாரே, அதே தட்டு. காரையும் அவர் அப்படித் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். வேன் 'டங்' என்று சொல்லவில்லை, 'தொப்' என்றது. தகரத்தைத் தட்டி நிமிர்த்தாமல் குழிக்குள் மக்குப் பசையை அப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"வேணாம் கரியப்பா. உள்ள காயம் அப்பிடியே இருக்குது. மேல பவுடர் போட்டு வெச்சிருக்காங்க."

அடுத்து ஓசூர். பெங்களூர் சாலையோரத்தில் கங்கப்பனின் தகரக் கொட்டகை. யுத்த காலத்தில் மிலிட்டரி லாரிகளைத் தட்டிப் பழகிய மனிதர். தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் கொஞ்சுவார், விலை பேச மட்டும் தமிழ். அங்கே நின்ற ஒரு காரைப் பவுலினா தட்டினாள். மணி போல 'டங்'. மட்கார்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவினாள். சுத்தியல் தடங்கள் வரிசையாக விரலில் தட்டுப்பட்டன. அவள் மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

"மட்கார்டு மட்டும் பாருங்கண்ணா. கதவு கெடக்கட்டும்."

"ஏம்மா, பாக்க அசிங்கமா இருக்குதே?"

நாலு பேர் நிற்கிற பட்டறையில், இறந்துபோன புருஷனோடு சிரித்த கதையை எப்படிச் சொல்வது? "இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கங்கப்பன் அவளுடைய வெள்ளைப் புடவையையும் வெறுங்கழுத்தையும் பார்த்தார். கையில் காசு இல்லாதவர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது.

"சரிம்மா, புரியுது" என்றார்.

அடுத்த வாரம் போனபோது, "ஆயித்தும்மா, முடிஞ்சது!" என்று ஓடிவந்தார். மட்கார்டு புதுசாகவே இருந்தது. பவுலினா இடது பக்கம் போய்க் கையை வைத்தாள். கை வழுக்கிக்கொண்டு போனது.

"கதவுக்கு ஒண்ணும் தர வேணாம்மா. அது கொசுறு. நல்ல டாக்டருன்னு கரியப்பன் சொன்னாரு. அவரு வண்டிக்கு நான் இதுகூடச் செய்யலன்னா எப்பிடி?"

கீரைக்காரி கூடுதலாகப் போடும் கொத்தமல்லியையே யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சொன்னால் போட்டவள் முகம் வாடிவிடும். பவுலினா கதவைத் தட்டினாள். ஒருவேளை 'தொப்' என்று கேட்டுவிடாதா என்ற ஆசை. 'டங்' என்றது. அந்தப் பவுடர் பட்டறையாக இருந்தால் அவளுடைய குழி உள்ளே பத்திரமாக இருந்திருக்கும். தட்டித் தட்டி நல்ல வேலைக்காரரைத் தேடிப் பிடித்தது அவளேதான்.

"ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்கண்ணா" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அட, இதுக்குப் போயி அழுவாங்களாம்மா" என்று கங்கப்பன் நெகிழ்ந்துபோனார்.

வீட்டு வாசலில் கரியப்பன் காரைத் திருப்பினான். தூண் நெருங்கியதும் பவுலினா தன்னையறியாமல் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். கார் நூல் பிடித்த மாதிரி உள்ளே நுழைந்து நின்றது.

"பாத்தீங்களாம்மா, ஒரு கீறல் இல்ல!"

"நீ நல்லாத்தான் ஓட்டுற கரியப்பா. அவருக்குத்தான் ஓட்டவே தெரியாது."

சொன்னதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு வந்த அதே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கரியப்பன் ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தான். சேர்ந்து சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.