பத்து வார்த்தைப் பரீட்சை

என் தம்பியோடு எங்கே கிளம்பினாலும் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். அன்றைக்கும் அவன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். ஒரு வழியாக வந்தான். பையை மறந்துவிட்டேன் என்று திரும்ப உள்ளே போனவன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"எதுக்குக்கா உள்ள போனேன்?"

"என் உயிர வாங்கத்தான்" என்றேன்.

நாட்டுக்காக ரக்பி ஆடுகிறவன். ஆடுகளத்தின் நடுவில் நிற்கும் சென்டர். எதிரணியில் தலைதெறிக்க ஓடி வருகிறவனைத் தோளால் மோதிச் சாய்க்க வேண்டும். பந்து கைக்கு வந்தால் இவன் போய் மோத வேண்டும். மோதுவதுதான் பிழைப்பு. இவனைத் தாண்டி யாரும் போக முடியாது என்பதால் கூட ஆடுகிறவர்கள் 'கதவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வரப்போகும் உலகக் கோப்பையோடு நிறுத்திவிடுவதாக எனக்குச் சத்தியம் செய்திருக்கிறான். போன உலகக் கோப்பைக்கும் இதே சத்தியம்தான்.

சீசன் தொடங்கும் முன் அணி டாக்டர் ஒரு பரீட்சை வைப்பார். பத்து வார்த்தைகளை வாசிப்பார், கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே மாதிரி பரீட்சை. முதலில் வாங்கிய மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். நம் ஆள் சும்மா இருப்பானா? முதல் பரீட்சையிலேயே வேண்டுமென்று மறந்த மாதிரி நடிப்பான். அப்புறம் எவ்வளவு அடிபட்டாலும் அந்த மதிப்பெண்ணை எட்டிவிடலாம். என் சமையலறையில் உட்கார்ந்து இதைப் பெருமையாகச் சொன்னவனும் அவன்தான். அன்றைக்கு நான் திட்டிய திட்டு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

இந்த முறை பரீட்சைக்கு டாக்டர் அறை வாசலில் இறக்கிவிட்டதும், "நீயும் உள்ள வாக்கா" என்றான். கார் ஓட்டியது போதாதாம்.

டாக்டரம்மா நிதானமாக வாசித்தார். "குடை, ஏணி, சோப்பு, மேகம், ஊசி, தபால், பாலம், கண்ணாடி, மணல், பொத்தான்."

அவன் கண்ணை மூடினான். "குடை... பொத்தான்..." நெற்றியைத் தேய்த்தான். "சோப்பு." அவ்வளவுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர், இவன் நடிக்கிறான். வருஷா வருஷம் இதே கூத்துதான். இவன் மண்டை உடைஞ்சாலும் எழுந்து ஆடணும், அதுக்குத்தான் இவ்வளவும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா?"

என் மேல் பாய்வான் என்று பார்த்தேன். பாயவில்லை.

"மத்த வருஷமெல்லாம் ஆமா, டாக்டர்." என் பக்கம் திரும்பினான். "இந்தத் தடவ நெஜமா ட்ரை பண்ணேன்க்கா. ஒரு வாரமா வீட்டுல பழகிப் பாத்தேன். எதுவும் நிக்க மாட்டேங்குது. அதான் உன்ன உள்ள கூப்பிட்டேன்."

இத்தனை வருஷமாக அவன் பொய்யைத் திட்டித் தீர்த்தவள் நான். இது ஒன்று மட்டும் பொய்யாக இருக்கட்டும் என்று அந்த நிமிஷம் வேண்டிக்கொண்டேன்.

டாக்டர் தலை ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். "இனிமே மைதானம் பக்கம் வேண்டாம்" என்றார். உலகக் கோப்பையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினான்.

காரில் ஏறியதும் கேட்டான். "மத்த வார்த்தையெல்லாம் என்னக்கா?"

ஏணி, மேகம், ஊசி, தபால், எல்லாமே என் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன.

"எனக்கும் ஞாபகம் இல்லடா" என்றேன்.