பொறுப்பாளர் கையொப்பம்

சாப்பாட்டு மேசை மேல் இரண்டு படிவங்கள் கிடந்தன. ஒன்று மகனுடையது, மற்றது மனைவியுடையது. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, தண்ணீர்ப் பரிசோதனைப் படிப்பின் முதலாம் ஆண்டு. மூன்று நாள் வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பச் சம்மதம் கேட்டு, அடியில் ‘பொறுப்பாளர் கையொப்பம்’ என்று ஒரு கோடு காலியாக இருந்தது. பயிற்சிக்குப் போகாதவர்களுக்கு அந்த ஆண்டே வீண்.

வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். தெருவில் அவருக்குப் ‘பெரிய கையெழுத்து’ என்று பெயர். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சான்றொப்பம் வேண்டுமென்றால் எல்லோரும் அவர் வாசலுக்குத்தான் வருவார்கள். அன்று காலையில் முதல்முறை பார்த்தவனுக்குக்கூட ‘இவரைப் பத்து ஆண்டுகளாக அறிவேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கையெழுத்து ஒரு சுழியில் புறப்பட்டு, இரண்டு மேடு ஏறி இறங்கி, அடியில் ஒரு கோடும் இரண்டு புள்ளியுமாக முடியும். அதற்குள் எங்கோ ஒரு பெயர் இருப்பதாகப் பார்ப்பவர்கள் நம்பினார்கள்.

மகனுடைய படிவத்தில் அந்த ஊர்வலம் நடந்து முடிந்தது. மனைவியின் படிவத்தை ஓரமாகத் தள்ளி, அதன் மேல் தண்ணீர்த் தம்ளரை வைத்தார்.

“எனக்கும் போடணுங்க,” என்றாள் அவள்.

“பாக்கலாம்.”

அவருடைய அலுவலகத்தில் ‘பாக்கலாம்’ என்று சொல்லப்பட்ட கோப்பை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

இந்த வினை ஒரு படிவத்தில்தான் ஆரம்பித்தது. மகன் எழுதிக் கெடுத்துவிடுவானோ என்று போன வருஷம் அவர்தான் இரண்டு விண்ணப்பம் வாங்கி வந்தார். மகன் கெடுக்கவில்லை. மிச்சமானதை அவள் நிரப்பி அனுப்பினாள். விளையாட்டு என்று நினைத்து அவரும் சிரித்தார். பட்டியல் வந்தபோது மகன் நாற்பத்தோராவது, அவள் ஆறாவது. அன்றைக்கும் சிரித்தார். ஆனால் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் காட்டவில்லை.

அவரும் கல்லூரிக்குப் போனவர்தான். முதலாம் ஆண்டுக்குள் போனவர் இரண்டாம் ஆண்டுக்குள் போகவில்லை, அவ்வளவுதான். ‘நான் காலேஜ்ல இருந்தப்ப’ என்று தொடங்கும் பேச்சுகளில் இந்த விவரம் வராது.

ஆரம்பத்தில் அவளுக்கும் அங்கே கால் தரிக்கவில்லை. முதல் நாள் காவலாளி பெற்றோர் காத்திருக்கும் பெஞ்சைக் காட்டினார். வகுப்புப் பெண்கள் ஆன்ட்டி என்றார்கள். பக்கத்து வரிசையில் மகன் அவளைத் தெரியாதவன்போல் உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதம், எதற்கு வந்தோம் என்று பேருந்தில் தினமும் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பதில் ஆய்வுக்கூடத்தில் வந்தது. குடுவைத் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு நீலமாகும் அந்தத் துளியோடு நிறுத்த வேண்டும். பிள்ளைகள் எல்லாம் நாலு துளி கூடுதலாக விட்டுவிட்டு முழித்தார்கள். பத்தொன்பது வருஷம் கொதிக்கிற எண்ணெயையும் பாலையும் ஊற்றிப் பழகிய அவள் கை சரியான துளியில் நின்றது. பேராசிரியர் குறிப்பேட்டில் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதினார். அடுத்த வாரம் அவள் தெருக்கோடிக் குழாயிலிருந்து ஒரு புட்டி பிடித்துப் போனாள். அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு ஏன் மாதாமாதம் வயிற்றுப்போக்கு வருகிறது என்று சோதனை சொன்னது: குழாயில் சாக்கடை கலந்திருந்தது. அவள் எழுதிப்போட்ட மனுவுக்கு ஆட்கள் வந்து குழாயைத் தோண்டி மாற்றினார்கள்.

அதன் பிறகு வாசலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “அக்கா இருக்காங்களா?” என்று கேட்டார்கள். அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் அவர் குறிப்பேட்டை எடுத்து அந்த ‘மிக நன்று’வைப் பார்ப்பார். அவர் பணிப்பதிவேட்டில் இருபத்தாறு வருஷமாக ‘திருப்திகரம்’ என்றுதான் இருந்தது.

“மூணு நாள் வீட்ட யார் பாப்பா?” என்றார் இப்போது.

“சமைச்சு வச்சுட்டுப் போறேன்.”

“கல்யாணம் ஆன பொம்பள வெளியூர்ல தங்கினா தெரு என்ன பேசும்?”

“தெரு இப்ப நல்ல தண்ணி குடிக்குதுங்க. அதப் பத்திப் பேசும்.”

மகன் அம்மாவின் படிவத்தில் ஈர வட்டம் படர்வதைப் பார்த்துத் தம்ளரைச் சட்டென்று தூக்கினான். அது கைநழுவி அவன் படிவத்தின் மேலேயே கொட்டியது. பெரிய கையெழுத்து ஒரு நிமிஷத்தில் நீலக் குட்டையானது.

மறுநாள் காலை கல்லூரி அலுவலகத்தில் மகன் புதுப் படிவம் வாங்கினான். அவள் ஈரம் காய்ந்த தன் படிவத்தை நீட்டினாள். எழுத்தருக்கு விதிகள் மனப்பாடம்.

“பையனுக்கு அப்பா இல்ல அம்மா, யார் போட்டாலும் சரி. உங்களுக்கு வீட்டுக்காரர் போடணும் மேடம்.”

“அவருக்கு நேரம் இல்ல.”

“அப்ப வீட்ல வயசு வந்த ஆம்பள யாராவது. யார் இருக்கா?”

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். மகனுக்குப் போன மாதம் பதினெட்டு முடிந்திருந்தது. அவன் காது சிவந்தது.

“நானாம்மா? எனக்குக் கையெழுத்தே கிடையாதே.”

“பேர எழுதுடா. படிக்கிற மாதிரி எழுது.”

ஐந்து வயதில் அவள் கைபிடித்துப் பழக்கிய அதே எழுத்தில், அவளை வெளியூர் அனுப்பச் சம்மதம் எழுதினான். அவனை அனுப்பச் சம்மதம் அவள் எழுதினாள். மகனுக்கு அம்மா பொறுப்பு, அம்மாவுக்கு மகன் பொறுப்பு. எழுத்தர் இரண்டையும் சரிபார்த்து, ஒரே முத்திரையால் இரண்டு குத்து குத்தி, “இப்பதான் விதிப்படி இருக்கு,” என்றார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். இன்னொரு தரம் கேட்டால் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார், கொஞ்சம் கெஞ்ச வைத்துவிட்டு. பேனா சட்டைப்பையில் தயாராக இருந்தது. அவள் கேட்கவில்லை. பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஃபாரம் எங்க?”

“குடுத்தாச்சுங்க.”

“யார் போட்டா?”

“உங்க பையன்.”

“அவனுக்கு?”

“நான்.”

அவர் அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தார். இருபத்தாறு வருஷ அனுபவம் கைகொடுக்கவில்லை.

பயிற்சிக்கு ஒவ்வொருவரும் சொந்த வீட்டுத் தண்ணீர் ஒரு புட்டி கொண்டு போக வேண்டும். அவள் சமையலறைக் குழாயில் பிடித்து, மூடியை இறுக்கி, அவர் எதிரிலேயே மேசை மேல் வைத்தாள். ஒட்டுச்சீட்டில் ‘வீட்டுக்குப் பொறுப்பானவர்’ என்று ஒரு கோடு இருந்தது. அவர் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தார்.

அவள் தன் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். உருண்டை எழுத்து. கண்ணாடி போடாமலே அவரால் அதைப் படிக்க முடிந்தது.